கெடு முடிந்தால் கடன் முடியுமா? வாடகை வீட்டுச் சேதமும் ஹக்குல் இபாதும்

 

அன்பிற்குரிய ஜமாஅத்தார்களே! தொழுகை, நோன்பு பற்றி ஆலிம்களிடம் கேட்பவர்கள் நிறையப் பேர். வாடகை வீட்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்கும் சிலரும் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "ஹஜ்ரத், குடியிருந்தவர் வீட்டைப் பாழாக்கிவிட்டுப் போய்விட்டார். மூன்று வருஷம் முடியப் போகிறது, அதற்குள் கேஸ் போடணும் என்று வக்கீல் சொல்கிறார். போடலாமா?" இது வீட்டுக்காரரின் கேள்வி. இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, மனதுக்குள் வைத்திருப்பார்கள்: "மூன்று வருஷம் ஓடிவிட்டது, இனி அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியானால் நான் கொடுக்க வேண்டியதில்லைதானே?"

இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடு முடியும்போது எது முடிகிறது? வழக்குப் போடும் வாய்ப்பா, அல்லது கடனேவா?

முதலில் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். சொத்து மாற்றுச் சட்டம் 1882, அதன் 108ஆம் பிரிவு. வாடகைக்கு வந்தவர் வீட்டை எந்த நிலையில் வாங்கினாரோ அந்த நிலையில் திருப்பித் தர வேண்டும். நியாயமான தேய்மானமும், தடுக்க முடியாத சக்தியால் வந்த மாற்றமும் இதில் சேராது. அவருடைய செயலாலோ கவனக்குறைவாலோ பழுது வந்து, வீட்டுக்காரர் அதற்கு நோட்டீஸ் கொடுத்தால், மூன்று மாதத்துக்குள் சரிசெய்து தர வேண்டும். காலவரையறைச் சட்டம் 1963 இன்னொன்றைச் சொல்கிறது. ஒப்பந்தத்தை மீறியதற்கு நஷ்டஈடு கேட்க, மீறல் நடந்ததிலிருந்து மூன்று வருஷம். அதற்குப் பின் வழக்கு வந்தால் கோர்ட் தள்ளுபடி செய்துவிடும்.

சபுராளிகளின் குடும்பங்களுக்கு இங்கே ஒரு செய்தி. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு, "ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டுக்காரர் இருப்பார். வழக்குப் போட வேண்டியவர் வெளிநாட்டில் இருப்பதால் கெடு நிற்பதில்லை. யார் மீது வழக்கோ அவர் இந்தியாவில் இல்லாத காலத்தைத்தான் சட்டம் கழிக்கிறது. நாலு வருஷம் கழித்து வந்து பூட்டைத் திறந்து தலையில் கை வைப்பவர்களை நாம் பார்க்கிறோம்.

கெடு முடிந்தால் என்ன ஆகிறது? உச்ச நீதிமன்றம் 1950களின் இறுதியில் பம்பாய் டையிங் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. காலவரம்பு வழக்குப் போடும் வழியை அடைக்கிறது, கடன் அழிவதில்லை. ஒப்பந்தச் சட்டம் 1872இன் 25ஆம் பிரிவையும் பாருங்கள். காலம் கடந்துபோன ஒரு கடனைத் தருகிறேன் என்று கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்டால், அந்த வாக்குறுதி சட்டப்படி செல்லும். இல்லாத ஒன்றைத் தருவதாக யாரும் எழுதித் தர முடியாதே! கடன் உயிரோடு இருப்பதால்தான் அந்த எழுத்துக்கு மதிப்பு.

ஆச்சரியம் என்னவென்றால், நம் ஃபுகஹாக்களும் இதையே சொல்லியிருக்கிறார்கள். உஸ்மானிய ஆட்சியில், நீண்ட காலம் பேசாமல் இருந்துவிட்டு வரும் வழக்குகளைக் காஜிமார்கள் விசாரிக்கக் கூடாது என்று சுல்தான்கள் தடை போட்டார்கள். பெரும்பாலான வழக்குகளுக்குப் பதினைந்து வருஷம் எல்லை. அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் இதை விரிவாகப் பேசுகிறார்கள். மோசடியையும் பொய்ச் சாட்சியையும் தடுப்பதற்கான ஏற்பாடு இது. பின்னர் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லாவும், காலம் கடப்பதால் உரிமை விழுந்துவிடாது என்பதைத் தனி விதியாகவே வைத்தது. எதிராளி நீதிபதி முன்னால் தானே ஒப்புக்கொண்டுவிட்டால், கெடு முடிந்தது என்ற வாதம் அங்கே எடுபடாது.

உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், இப்படி யோசித்துப் பாருங்கள். நம்மூரில் மூன்று வருஷம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஒப்பந்த வழக்குக்கு ஆறு வருஷம். ஒரே மனிதர் இரண்டு ஊரிலும் வாடகைக்கு இருந்து, இரண்டு வீட்டிலும் கதவை உடைத்திருந்தால், நாலாவது வருஷத்தில் மன்னார்குடிக் கதவு ஹலாலாகி, சிங்கப்பூர்க் கதவு ஹராமாகவே இருக்குமா? கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள நாட்களைக் கெடுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மனிதர்கள் வசதிக்காகப் போட்ட கோடு, மனிதர்கள் தேவைக்காக நகர்த்தினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் மறுமையின் கணக்கு அந்தக் கோட்டோடு சேர்ந்து நகராது.

அல்லாஹ்வின் பாதையில் ஷஹீதானவருக்கு எல்லாப் பாவங்களும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. உயிரைக் கொடுத்தும் கழியாத கடன், காலண்டரில் தாள் கிழிப்பதால் கழிந்துவிடுமா? ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அவருக்குக் கடன் இருக்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். சில தீனார்கள் பாக்கி என்றதும் தொழ வைக்காமல் விலகினார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அதைத் தம் பொறுப்பில் ஏற்ற பின்தான் தொழ வைத்தார்கள். சில தீனார்கள்தான் ஜமாஅத்தார்களே!

ஆக, குடியிருந்தவர் செய்த சேதம் உண்மையானால், மூன்று வருஷம் ஆனாலும் முப்பது வருஷம் ஆனாலும் அது அவர் கழுத்தில் தொங்கும் ஹக்குல் இபாத்.

இதே நியாயம் வீட்டுக்காரர் பக்கமும் திரும்பும். அட்வான்ஸ் பணம் யாருடையது? குடியிருப்பவருடையது. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று அது சொல்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? "பெயிண்ட் அடிக்கணும், பார்க்கலாம்", "அடுத்த ஆள் வரட்டும், தருகிறேன்" என்று இழுத்து, அலைந்து அலைந்து அந்த மனிதர் விட்டுவிடுகிறார். அவருக்கும் கெடு முடிந்துவிடுகிறது. குடியிருந்தவர் கொடுக்காத கடனைப் பற்றி ஆவேசமாகப் பேசும் வீட்டுக்காரர்களே, உங்கள் அலமாரியில் யாருடைய அட்வான்ஸாவது தூங்குகிறதா என்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். அவர் எந்த மதத்தவர் என்பது இதில் ஒரு விஷயமே இல்லை. நம் வீடுகளில் குடியிருப்பவர்களில் இந்துச் சகோதரர்கள் எத்தனை பேர்! தம்மைக் கொல்லத் திட்டமிட்ட ஊரை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில்கூட, அந்த ஊராரின் அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே விட்டுச் சென்றார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

சரி, எது சேதம்? எவ்வளவு கேட்கலாம்? சண்டையெல்லாம் இங்கேதான்.

ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் வாடகைக்கு இருப்பவரின் கை அமானிதக் கை. வீடு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். அவர் எல்லை மீறினாலோ, காக்க வேண்டியதைக் காக்காமல் விட்டாலோ மட்டுமே ளமான், அதாவது ஈடுகட்டும் பொறுப்பு வரும். வழக்கம்போல் வாழ்ந்ததால் தேய்ந்ததற்கு அவர் பொறுப்பல்ல. நீங்கள் வாங்கிய வாடகை எதற்கு? அந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தானே!

மத்ரஸாவில் ஹிதாயா ஓதியவர்களுக்கு நினைவிருக்கும். வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அதில் எந்த வேலையும் செய்யலாம். ஆனால் கொல்லர், துணியை அடித்து வெளுப்பவர், மாவரைப்பவர் இவர்களைக் குடிவைக்கக் கூடாது என்று இமாம் மர்கீனானி (ரஹ்) எழுதுகிறார்கள். காரணம், அந்தத் தொழில்கள் கட்டடத்தையே ஆட்டம் காண வைக்கும். எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய சட்டம் இது. நம்மூருக்கு அப்படியே பொருந்துகிறது. குடியிருக்க என்று சொல்லி வீட்டை எடுத்து, முன்கூடத்தில் உர மூட்டை அடுக்குகிறார்கள். ஒரு சம்பா பருவம் போனால் போதும், உப்பு இறங்கி சிமெண்ட் தரை பொரிந்துவிடும், சுவரின் கீழ்ப்பகுதி உதிரும். இது தேய்மானம் இல்லை. சொன்ன பயன்பாட்டை மீறியது. இதற்கு ளமான் உண்டு. அதே வீட்டில் எட்டு வருஷம் குடியிருந்து சுவர் மங்கியிருந்தால், பிள்ளைகள் கிறுக்கிய தடம் இருந்தால், அடுப்படி மேல்சுவர் கறுத்திருந்தால்? வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் வேலை, தண்ணீர்க் குழாயின் வாஷர் மாற்றுவது, ஸ்விட்ச், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் வேலை என்று அந்த 2017 சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. பத்து வருஷமாக வெள்ளையடிக்காத வீட்டுக்கு, காலி செய்து போகிறவரின் அட்வான்ஸில் பெயிண்ட் அடிப்பது எந்த ஊர் நியாயம்?

கஜா புயலை மறந்திருக்க மாட்டோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை. நம் பகுதியில் ஓடும் ஆஸ்பெஸ்டாஸ் தகடும் காகிதம்போலப் பறந்தன. தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. அன்று வாடகை வீட்டுக் கூரை போனதற்குக் குடியிருந்தவரிடம் ஈடு கேட்க ஷரீஅத்தும் இடம் தரவில்லை, நாட்டுச் சட்டமும் இடம் தரவில்லை. "எந்தச் சேதம் வந்தாலும் வாடகைதாரரே பொறுப்பு" என்று ஒப்பந்தத் தாளில் அச்சடித்து வைத்திருக்கிறார்களே, அதைக் காட்டலாமா என்று கேட்பீர்கள். அமானிதக் கையின் மீது, அவர் செய்யாத தவறுக்கும் ளமான் சுமத்தும் நிபந்தனை செல்லாது என்பதே நம் மத்ஹபுகளின் நிலை. அந்த வரியை நம்பி வாங்கிய பணத்தில் பரக்கத் தேடாதீர்கள்.

அளவு என்ன? நபி (ஸல்) அவர்களின் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் புகாரியில் வருகிறது. உம்முஹாத்துல் முஃமினீன்களில் ஒருவர் இன்னொருவரின் வீட்டுக்கு ஒரு பாத்திரத்தில் உணவு அனுப்பினார்கள். அந்த வீட்டிலிருந்தவர்கள் ரோஷத்தில் தட்டிவிட, பாத்திரம் உடைந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? உடைந்த துண்டுகளைத் தம் கையாலேயே சேர்த்தார்கள், சிந்திய உணவைச் சேர்த்தார்கள். உணவைக் கொண்டுவந்த பணியாளரைச் சற்று நிறுத்திவைத்து, உடைத்தவர் வீட்டிலிருந்து ஒரு முழுப் பாத்திரத்தைக் கொடுத்தனுப்பினார்கள். உடைந்தது உடைத்தவர் வீட்டிலேயே தங்கியது. பாத்திரத்துக்குப் பாத்திரம், அன்றே. கூட ஒரு பாத்திரம் இல்லை. உடைத்தவரை நாலு பேர் முன்னால் இழிவுபடுத்தவும் இல்லை.

அதே மாதிரிப் பொருள் கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் அதன் மதிப்பு. மதிப்பு என்றால் கடையில் புதிதாக வாங்கும் விலை இல்லை, சேதமான அன்று அந்தப் பொருளுக்கு இருந்த விலை. பத்து வருஷம் ஓடிய மின்விசிறி எரிந்துபோனதற்குப் புது மின்விசிறி விலை கேட்டால், நடுவில் இருக்கும் வித்தியாசம் உங்களுக்கு எந்த வழியில் ஹலாலாகும்?

குர்ஆனில் சூரத்துல் அன்பியாவின் 78, 79ஆம் வசனங்கள் ஒரு வழக்கைச் சொல்கின்றன. நம் டெல்டா மக்களுக்கு இது உடனே புரியும். ஒருவரின் ஆடுகள் இரவில் இன்னொருவரின் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. தாவூத் (அலை) அவர்களிடம் வழக்கு வந்தது. சேதத்துக்கு ஈடாக ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுக்கத் தீர்ப்பளித்தார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் விவரிக்கிறார்கள். மகனார் சுலைமான் (அலை) அவர்கள் வேறொரு வழி சொன்னார்கள். ஆடுகள் நிலத்துக்காரரிடம் இருக்கட்டும், பாலையும் ரோமத்தையும் அவர் அனுபவிக்கட்டும். ஆட்டுக்காரர் நிலத்தைப் பண்படுத்தி, பயிரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். அதன்பின் அவரவர் பொருள் அவரவருக்கு. தந்தை, மகன் இருவருக்குமே ஞானம் கொடுத்ததாக அல்லாஹ் சொல்கிறான். இந்தத் தீர்ப்பை சுலைமானுக்கு விளங்க வைத்ததாகவும் சொல்கிறான்.

அறுவடை முடிந்து ராமநாதபுரத்து ஆடுகள் கிடை போட வரும்போது நம் வயல்களில் எத்தனை சண்டை பார்த்திருக்கிறோம்! சுலைமான் (அலை) அவர்களின் தீர்ப்பில் இழந்தவருக்கு இழப்பு முழுதும் வந்தது, இழக்க வைத்தவருக்கும் பிழைப்பு போகவில்லை. தரை பெயர்ந்துவிட்டதா? குடியிருந்தவர் கொத்தனாராக இருந்தால் அவரே வந்து பூசிக் கொடுக்கட்டுமே! எல்லாவற்றையும் பணமாகத்தான் வாங்க வேண்டுமென்று யார் சொன்னது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கெடு முடியும் முன் கேஸ் போடலாமா?

போடலாம். உண்மையான உரிமையைக் கேட்பதில் பாவம் இல்லை. ஆனால் கடைசி மாதத்தில் அவசரமாகப் போடும் வழக்கில் ஷைத்தான் நுழைய இடம் அதிகம். மூன்று வருஷத்துக்கு முன் ஓட்டை எவ்வளவு பெரிது என்று யாருக்கு ஞாபகம்? வக்கீல் "சேர்த்துப் போடுங்கள், கோர்ட் குறைத்துக்கொள்ளும்" என்பார். சூரத்துல் பகராவின் 188ஆம் வசனம், பிறர் பொருளை அநியாயமாகத் தின்பதற்காக நீதிபதிகளிடம் வழக்கைக் கொண்டுபோவதைத் தடுக்கிறது. வாதத் திறமையால் ஒருவர் தம் சகோதரனின் உரிமையைத் தீர்ப்பாக வாங்கிவிட்டால், அவர் வாங்கியது நெருப்புத் துண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தீர்ப்பளிப்பது நபியாகவே இருந்தாலும்கூட என்பதைக் கவனியுங்கள்! பேசாமல் இருந்து கெடு நெருங்கியதும் எழும் வீட்டுக்காரர், எதிராளியின் சாட்சிகளும் ஆதாரங்களும் தொலைந்த பின்தான் அவரை மோதுகிறார். அதுவும் ஒரு அநியாயம்தான்.

நல்ல மனிதர்கள் சிக்கிக்கொள்வது வேறொரு இடத்தில். குடியிருந்தவர் உண்மையிலேயே கஷ்டத்தில் இருக்கிறார். இரண்டு போகம் பொய்த்துவிட்டது, மேட்டூர் அணை திறக்கவில்லை, பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு. பகரா 280ஆம் வசனம், நெருக்கடியில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. விட்டுக்கொடுத்தால் இன்னும் மேல் என்கிறது. அவகாசம் கொடுத்தாலோ கெடு முடிந்துவிடும். இரக்கம் காட்டினால் உரிமை போகும், உரிமையைக் காத்தால் ஏழையைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டும். என்ன செய்வது?

இதற்கு வழி அடுத்தடுத்த வசனத்திலேயே இருக்கிறது. 282ஆம் வசனம், கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம். அவகாசம் கொடுங்கள் என்று சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே அல்லாஹ் எழுதுங்கள் என்கிறான். காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவைப் பாருங்கள். கெடு முடிவதற்குள், "இந்தச் சேதத்துக்கு நான் பொறுப்பு, இவ்வளவு தர வேண்டும்" என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாக எண்ணப்படும். ஒரு பகுதியைக் கொடுத்து, கொடுத்ததை எழுத்தில் கையெழுத்தோடு பதிந்தால், கடனுக்கு 19ஆம் பிரிவின்படி அதே பலன். ஒரு தாள் போதும். கோர்ட் வேண்டாம், சண்டை வேண்டாம், ஏழைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். "எழுதிக் கேட்டால் முகம் முறிந்துவிடும்" என்று நம்மவர்கள் சொல்வார்கள். எழுதாமல் விட்டு நாலு வருஷம் கழித்து முறியும் முகங்களை ஜமாஅத் பஞ்சாயத்தில் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குடியிருந்தவர்களே, அப்படி ஒரு தாள் நீட்டப்பட்டால் கையெழுத்திட மறுக்காதீர்கள். "கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வேன்" என்று யோசிக்கிறீர்கள் என்றால், ஏற்கெனவே எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். கையில் பணம் இருந்தும் இழுத்தடிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் அநியாயம் என்றே சொன்னார்கள். தொகை அதிகம் என்று தோன்றினால் அதைச் சொல்லுங்கள், இருவருக்கும் பொதுவான ஒரு கொத்தனாரை அழைத்து மதிப்புப் போடச் சொல்லுங்கள். கெடு முடியட்டும் என்று போனை எடுக்காமல் இருப்பதுதான் கூடாது.

பள்ளிவாசல் கடைகளை நிர்வகிக்கும் முத்தவல்லிமார்களுக்கும் ஒரு வார்த்தை. வக்ஃபு சொத்தை மீட்கக் காலவரம்பு கிடையாது என்றிருந்த 107ஆம் பிரிவை 2025 திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது. நம் சொத்தை நாம் விட்டுக்கொடுக்கலாம், அது தர்மம். வக்ஃபை விட்டுக்கொடுக்க முத்தவல்லிக்கு உரிமை இல்லை. ஷட்டர் உடைந்திருக்கிறதா, நடுச்சுவரை இடித்து இரண்டு கடையை ஒன்றாக்கியிருக்கிறார்களா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். பார்த்ததை நிர்வாகப் புத்தகத்தில் தேதியோடு எழுதுங்கள்.

வாடகை இல்லாமல் மொத்தப் பணம் கொடுத்துக் குடியிருக்கும் ஒத்தி பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். அதில் வட்டிப் பிரச்சினை இருக்கிறது, அது தனிப் பேச்சு. இன்ஷா அல்லாஹ் இன்னொரு ஜும்ஆவில் பார்ப்போம்.

வீடு கொடுக்கும் அன்றே இருவரும் சேர்ந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்து, தரை, கதவு, குழாய், ஸ்விட்ச் போர்டு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டு, போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் அன்று அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி சுற்றி வாருங்கள். அந்தத் தாளை எப்படி எழுதுவது என்று தெரிய வேண்டியவர்கள், ஏற்கெனவே தகராறில் இருப்பவர்கள், எதிராளியையும் கூட்டிக்கொண்டு அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிக்கு வாருங்கள். உட்கார்ந்து பேசலாம்.